ஓரெஸ்ட் மாற்றாமல் விட்ட பல்பு

எங்கள் ஊர் டன்மியரில் பாதிரியாரின் பேச்சைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வானொலிக்காரன் சொல்லும் வானிலையை யாருமே நம்புவதில்லை. ஆனால் ஓரெஸ்ட் ஹாலிக் சாணை பிடித்துக் கொடுத்த ஐஸ் ஸ்கேட்டைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். அந்த ஆண்டு அதுவே வினையாகப் போனது.

ஓரெஸ்டுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. தண்டவாளத்தை ஒட்டியிருந்த பழைய கோதுமைக் கிடங்கை இடித்துத் தள்ளும்வரை அதில் வேலை பார்த்தார். அப்புறம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவார், மூன்றரைக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நாலரைக்கெல்லாம் ஐஸ் ஹாக்கி அரங்கில் இருப்பார். பார்வையாளர் பலகைகளுக்குக் கீழே, முன்பு துடைப்பம் வைத்திருந்த ஓர் அறை. அதில் மேஜை மேல் ஒரு சாணை இயந்திரம், ஓர் அலமாரி, ஒரு முக்காலி, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். மனைவி வெர்னா அதே அரங்கின் வாசலில் கேண்டீன் நடத்தினாள். பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் காபியும் அவள் கையால்தான். பனி முழங்கால் அளவு கிடந்தாலும் அந்தப் பெரோகிக்காகவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள்.

எங்கள் அணிக்குப் பெயர் பேட்ஜர்ஸ். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. விவசாயிகள், வெல்டர்கள், ஒரு கணக்கு வாத்தியார், டிராக்டர் மெக்கானிக் டார்சி லிண்ட்கிரன். டார்சிதான் ஒன்பது வருஷமாகக் கேப்டன். தடுப்பாட்டத்தில் அவன் நின்றால் பின்னாலிருக்கும் கோல்கீப்பர் பென்னர் நிம்மதியாக மூச்சு விடுவான். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு குறைவு. மற்றவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேட்டைச் சாணைக்குக் கொடுப்பார்கள். டார்சி மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கொண்டுவந்து கொடுப்பான். புதுவிளிம்பு இல்லாமல் அவன் ஐஸில் இறங்கியதே இல்லை.

டார்சியின் அப்பா கஸ்ஸும் இதே அணிக்குத்தான் ஆடினார். ஓரெஸ்ட் சாணைக்கு வந்த மூன்றாம் வருஷம் அது. கஸ் திடீரென்று திரும்பும்போதெல்லாம் விழ ஆரம்பித்தார். "உன் சாணை சரியில்லை" என்று ஸ்கேட்டைக் கொண்டுவந்து போடுவார். ஓரெஸ்ட் மறுபடி பிடித்துக் கொடுப்பார். மறுபடி விழுவார். ஒரே மாதத்தில் பதினோரு தடவை ஓரெஸ்ட் அந்த பிளேடுகளைச் சாணை பிடித்தார். பிளேடு போதும் போதும் என்று தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கோளாறு பிளேடில் இல்லை, நரம்பில் என்று தெரிந்தது. கஸ்ஸுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஒன்பது வருஷம் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். போகும்போது டார்சிக்குப் பதினேழு வயது.

சரி, அந்த ஆண்டுக்கு வருவோம். அக்டோபரில் முதல் ஐந்து ஆட்டங்களில் நாலு தோல்வி. இந்த வருஷமும் அவ்வளவுதான் என்று ஊரே கையைக் கழுவியிருந்த சமயத்தில் பேட்ஜர்ஸ் ஜெயிக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஆனதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், இனி எதையும் தொடக்கூடாது. வெற்றி ஓடும்போது எதையும் மாற்றுவது பாவம். பென்னர் ஒரே காலுறையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டான், அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்துக்கொண்டார்கள். கோச் மரே டெஸ்ஸியர் அதே கிழிந்த தொப்பியோடு வந்தார். கணக்கு வாத்தியார் தன் காரை எப்போதும் அதே விளக்குக் கம்பத்தடியில்தான் நிறுத்துவார், வேறு யாராவது நிறுத்தியிருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டி எடுக்கச் சொல்வார். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவரவர்க்கு ஒன்று இருந்தது.

மூன்று வெற்றிக்கு அடுத்த ஆட்டத்தன்று மாலை ஓரெஸ்ட் டார்சியின் இடது ஸ்கேட்டைக் கல்லில் வைத்திருக்கும்போது தலைக்கு மேலிருந்த பல்பு பட்டென்று அணைந்தது. வேறு பல்பு தேட நேரமில்லை. நடைபாதையில் இருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் மிச்சத்தை முடித்துக் கொடுத்தார். அன்று பேட்ஜர்ஸ் ஏழுக்கு ஒன்று என்று துவம்சம் செய்துவிட்டு வந்தார்கள். மறுநாள் புதுப் பல்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவர், முக்காலி மேல் ஒரு காலை வைத்தபடி யோசித்தார். இறங்கினார். பல்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்பது அவர் கணக்கு.

அந்த அணைந்த பல்புக்கு அடியில்தான் அடுத்த ஏழு வெற்றியும் வந்தன. மொத்தம் பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பட்டியலில் இரண்டாமிடம். ஓரெஸ்ட் இருட்டில் விரலால் தடவித் தடவிச் சாணை பிடித்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று வெர்னாவிடம் பெருமை அடித்துக்கொண்டார். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

ஸ்கேட் பிளேடைக் கத்தி என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மயிரிழை ஏறி இறங்கினாலும் போச்சு. நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது, வளையும்போது ஐஸ் பிடிக்காமல் கால் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்க்க ஓரெஸ்டிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு இருபத்தைந்து செண்ட் காசை பிளேடுக்குக் குறுக்கே படுக்க வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். காசு சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு உயரம். இந்தக் காரியத்துக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாததால் நவம்பரோடு காசு மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. இயந்திரம் சரியாக இருந்தவரை அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை.

எப்போது அந்தத் திருகு நகர்ந்தது என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஸ்கேட்டைப் பிடித்து வைக்கும் சட்டத்தின் உயரத்தை நிலையாக வைத்திருப்பது ஒரு சின்னத் திருகு; அது நகர்ந்தால் பள்ளம் ஒரு பக்கமாகச் சாயும். விடுமுறையில் துடைப்பம் தேடி வந்த யாராவது இடித்திருக்கலாம், இருட்டில் அவர் முழங்கையே பட்டிருக்கலாம். ஓரெஸ்ட் வீட்டில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதான், பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் அவர் ஜனத்துக்கு அதுதான் வழக்கம். பண்டிகை முடிந்து பத்தாம் தேதி வந்து முதல் ஸ்கேட்டைக் கல்லில் வைத்தார். அன்று பேட்ஜர்ஸ் தோற்றார்கள். அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததும்.

தோற்கும்போது எங்கள் ஊர் செய்யாத கூத்து இல்லை. பென்னரின் காலுறையை எண்ணெய் டிரம்மில் போட்டு எரித்தார்கள், அதற்கு மூன்று பேர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். மரே தொப்பியை மாற்றினார், பிறகு தொப்பியே இல்லாமல் மைனஸ் முப்பதில் காது சிவக்க வந்தார். அணியின் பஸ் வேறு வழியாகப் போய்ப் பனியில் சிக்கியது. நகரத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பையன், தன் விளிம்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒருநாள் மெல்லச் சொன்னான். முதலில் முழங்காலை மடக்கிக் கற்றுக்கொள் என்று ஓரெஸ்ட் அவனை விரட்டிவிட்டார், அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஓரெஸ்டின் பல்பு மட்டும் மாறவே இல்லை. எட்டு வெற்றி கொடுத்த பல்பு அது. ஒரு நாள் திரும்பக் கொடுக்கும் என்று அவர் நம்பினார்.

எல்லோரையும்விட டார்சிதான் விழுந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சாணை பிடித்துக்கொண்டவன் அவன்தானே. எதிரி நுழைந்தால் இடது பக்கம் திரும்பிப் பாய்வான், கால் வழுக்கும், அவன் எழுவதற்குள் பக் என்கிற ரப்பர் வட்டு பென்னருக்குப் பின்னால் வலையில் கிடக்கும். முழங்கால் போய்விட்டது என்றார்கள். பாவம், அவனுக்கும் காலம் முடிந்தது என்றார்கள். ஜனவரி கடைசியில் ஒரு நாள் டார்சி சாணை அறை வாசலில் வந்து நின்றான்.

"ஓரெஸ்ட், இடது பக்கம் திரும்பினா பிடிக்கவே மாட்டேங்குது. பிளேடு சரியாத்தானே இருக்கு?"

"பிளேடுக்கு என்ன கேடு? அதை மாட்டியிருக்கிற காலுக்கு முப்பத்தாறு வயசாச்சு, அதைப் பாரு."

டார்சியும் சிரித்தான். அப்படியே போய்விட்டான். ஓரெஸ்ட் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டும். அவன் அந்த வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்கு கஸ் நினைவு வந்துவிட்டது. அதே வாசல், அதே வார்த்தை, அதே வயது. பிளேடு சரியாக இருக்கிறது என்று காசு வைத்துப் பார்த்துவிட்டால், அப்புறம் கோளாறு அவன் உடம்பில் என்றாகிவிடுமே என்று பயந்தார். அதனால் பார்க்காமலே கேலி செய்து அனுப்பினார். பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பிப்ரவரி கடைசிக்குள் ஒன்பது ஆட்டங்களில் எட்டுத் தோல்வி. ஏழு அணிகளில் முதல் நாலுக்குத்தான் பிளே-ஆஃப் என்ற இறுதிச் சுற்று. பேட்ஜர்ஸ் ஐந்தாமிடத்துக்கு இறங்கியிருந்தார்கள். மிச்சம் இரண்டே ஆட்டம், சனிக்கிழமை உள்ளூரில் ஒன்று, புதன்கிழமை வெளியூரில் ஒன்று. இரண்டையும் ஜெயித்தால் நாலாமிடம். ஒன்றை விட்டாலும் கதை முடிந்தது. செவ்வாய்க்கிழமை மரே டார்சியைக் கூப்பிட்டு, சனிக்கிழமை நீ ஆடாமல் உட்கார்ந்துகொள் என்று சொல்லிவிட்டார். டார்சி வாதாடவில்லை. அப்படியானால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஐஸ் நடுவில் நின்று ஒரேயடியாக விடைபெற்றுக்கொள்கிறேன் என்றான். ஊர் ஹாக்கி சங்கத்தில் அவசரமாகக் கூடி, அவன் ஸ்கேட்டை ஒரு பலகையில் பொருத்திக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். பளபளவென்று துடைத்துக் கொடுக்கும் வேலை ஓரெஸ்ட் தலையில் விழுந்தது.

வியாழக்கிழமை மாலை பஸ்ஸை விட்டுவிட்டு அறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பகல் மாதிரி வெளிச்சம். வெர்னா காபிக் கோப்பைப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பெட்டி எடுக்க வந்தவள், கால் தடுக்கி விழப் பார்த்து, கேண்டீனிலிருந்து ஒரு பல்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். ஓரெஸ்ட் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். யாரைக் கேட்டு மாட்டினாய், இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது, எல்லாம் போச்சு என்றார். வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணரை மாசமா இருட்டுலயா சாணை பிடிச்சுக்கிட்டு இருந்தே?"

ஓரெஸ்ட் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து டார்சியின் ஸ்கேட்டை எடுத்தார். துணியால் துடைத்தார். வெளிச்சம் பிளேடில் பட்டது. ஒரு விளிம்பு மின்னியது, மற்றது மின்னவில்லை. இழுப்பறையைத் திறந்து காசைத் தேடி எடுத்தார். குறுக்கே வைத்தார். காசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நன்றாகவே சாய்ந்து நின்றது, ஒரு கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. அலமாரியிலிருந்த அடுத்த ஜோடியை எடுத்தார். சாய்வு. அதற்கடுத்தது. சாய்வு. கடைசியில் இயந்திரத்தின் சட்டத்தைப் பார்த்தார். திருகு இரண்டு சுற்று இறங்கியிருந்தது.

வெர்னா பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டுக் குடும்பம் நடத்தியவள். சரி பண்ண முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியும் என்றார் ஓரெஸ்ட். அன்று சாப்பாட்டு நேரத்துக்குள் அலமாரியில் இருந்த பதினாறு ஜோடியையும் நேராக்கிவிட்டார், ஒவ்வொன்றுக்கும் காசு வைத்துப் பார்த்து. டார்சியின் ஜோடியை மட்டும் தொடவில்லை. அவன்தான் ஆடப் போவதில்லையே, ஆணி அடித்து மாட்டும் ஸ்கேட்டுக்கு விளிம்பு எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் பையன்கள் பறந்தார்கள். வளைந்து, திரும்பி, ஐஸைக் கீறிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு ஐஸ் அருமை என்றான் நகரத்துப் பையன். நேற்று நான் போட்ட சத்தம் வேலை செய்கிறது என்றார் மரே. ஓரெஸ்ட் மூலையில் நின்று விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை, சனியும் புதனும் ஜெயித்தால் எல்லாம் மறந்துவிடும். அப்போது டார்சி பலகை வரிசையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றான். கனமான கோட்டு, கையில் வெர்னாவின் காபி.

"பார்த்தீங்களா ஓரெஸ்ட்," என்றான். "நான் ஒருத்தன் இல்லேன்னா எவ்வளவு நல்லா ஆடுறாங்க."

கசப்பாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஓரெஸ்டுக்கு வாயில் விதை அப்படியே நின்றது. சொல்லியிருக்கலாம், அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்துப் பெயர் குறுக்கே நின்றது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். வெர்னா பெரோகி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். டார்சி சொன்னதை அவளிடம் சொன்னார். அவள் மாவைப் பிசைந்துகொண்டே, அவனிடம் போய்ச் சொல்லாமல் நாளைக்கு அரங்குக்கு வராதே என்றாள். திட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஓரெஸ்ட் டார்சியின் பட்டறைக்குப் போனார். ஒரு கதிரறுக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான் டார்சி. ஓரெஸ்ட் அவன் ஸ்கேட் ஒன்றைத் தலைகீழாக மேஜை மேல் நிறுத்தினார். காசைக் குறுக்கே வைத்தார். இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது தடவை நின்றது.

"இதைப் பாரு," என்றார்.

டார்சி கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். மெக்கானிக்குக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா. ரொம்ப நேரம் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"ஜனவரி பத்துல இருந்து. எல்லாருக்கும்தான். நீ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொடுத்ததால உனக்கு ரொம்ப." ஓரெஸ்ட் பல்பு விஷயத்தையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. திருகு, இருட்டு, இழுப்பறையில் போட்ட காசு, வியாழக்கிழமை யாருக்கும் தெரியாமல் சரி செய்தது, நேற்று வாய் வராமல் நின்றது எல்லாவற்றையும்.

"நான் வந்து கேட்டேன்ல," என்றான் டார்சி.

"கேட்ட."

"வயசுன்னீங்க."

"சொன்னேன்."

டார்சி பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிராமலே பேசினான்.

"அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. இதே வயசு, இதே பக்கம். மார்ச் பதினாலு சாஸ்கட்டூன்ல டாக்டரைப் பார்க்க நாள் வாங்கி வச்சிருக்கேன். வீட்ல பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஒவ்வொரு நாளும் ஏணியில ஏறும்போது கால் நிக்குதான்னு பார்த்துக்கிட்டே ஏறுறேன். அஞ்சு வாரமா பிள்ளைங்களைத் தூக்கல ஓரெஸ்ட். கீழ போட்டுடுவேனோன்னு."

ஓரெஸ்ட் அழுதுவிட்டார். நின்ற இடத்திலேயே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. தனக்கும் அன்று அவன் அப்பாவின் நினைவுதான் வந்தது, அந்தப் பயத்தில்தான் பார்க்காமல் விட்டேன் என்று சொன்னார். டார்சி எழுந்தான். அடிக்கப் போகிறான் என்றே ஓரெஸ்ட் நினைத்தார், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தார். டார்சி காசை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டான்.

"என் ஸ்கேட்டைச் சரி பண்ணுங்க. அப்புறம் மரேகிட்ட நீங்களே சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்."

சொன்னார். அன்று ஆறு மணிக்கு, பாதி உடை மாட்டிய பதினேழு பேர் நடுவில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று சொன்னார். மரே கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே போய், கதவை ஓங்கிச் சாத்தி, மறுபடி உள்ளே வந்தார். நகரத்துப் பையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரெஸ்ட் அவன் பக்கம் திரும்பி, நீ சொன்னதும் சரிதான், உன்னை விரட்டியது தப்பு என்றார். அப்போதுதான் பென்னர் மூலையிலிருந்து, "அப்போ என் காலுறையை அநியாயமா எரிச்சீங்களா பெருசு?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை. டார்சி ஸ்கேட்டை மாட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

விடைபெறும் விழா நடக்கவில்லை. பலகையைத் தயார் செய்து வைத்திருந்தவர்கள் அதைக் கேண்டீனில் பெரோகித் தட்டு வைக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். டார்சி ஐஸில் இறங்கி, யாரும் இல்லாத மூலைக்குப் போய், இடது பக்கமாக ஒருமுறை வளைந்தான். ஐஸ் பிடித்தது. இன்னொரு முறை வளைந்தான். அங்கேயே, ஆட்டம் தொடங்கும் முன், ஏழெட்டு முறை வட்டமடித்துக்கொண்டே இருந்தான். பார்த்தவர்களுக்கு அவன் ஏதோ உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறான் என்று தோன்றியது. ஓரெஸ்டுக்கும் வெர்னாவுக்கும் மட்டும்தான் அது என்னவென்று தெரியும். அன்று பேட்ஜர்ஸ் நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள்.

புதன்கிழமை ஜெயிக்கவில்லை. கடைசி நிமிஷம்வரை சமமாக இழுத்து, கூடுதல் நேரத்தில் பென்னரின் முழங்காலுக்கு அடியில் புகுந்த ஒரே ஒரு பக்கில் வருஷம் முடிந்தது. யாரும் வழுக்கவில்லை, யார் மேலும் தப்பில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து தோற்ற எட்டில் ஒன்றை ஜெயித்திருந்தால் நாலாமிடம் கிடைத்திருக்கும். இதை ஊரில் கணக்குத் தெரியாதவர்கள்கூடப் போட்டுப் பார்த்தார்கள். சிலர் மாதக்கணக்கில் ஓரெஸ்டோடு பேசவில்லை. அவர்களுக்குக் கேலி செய்தவர்களே தேவலை. அவர் அறை வாசலில் தினம் ஒரு பல்பு இருக்கும், ரிப்பன் கட்டியதுகூட இருந்தது. வெர்னா எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அந்த வீட்டில் இன்றைக்கும் பல்பு வாங்குவதில்லை.

மார்ச் பதினாலாம் தேதி, மற்ற அணிகள் பிளே-ஆஃப் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், ஓரெஸ்ட் தன் வண்டியில் டார்சியைச் சாஸ்கட்டூனுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஸ்கேட்தான் காரணம் என்று தெரிந்தபின் எதற்குப் போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, "பார்த்துடுறது நல்லது" என்றான் டார்சி. இரண்டரை மணி நேரப் பயணம். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து, கோட்டில் நடக்கவைத்து, படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். வெளியே வந்ததும் வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் டார்சி பனிச் சகதியில் அப்படியே குந்திவிட்டான். ஓரெஸ்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோடையில் ஓரெஸ்ட் சாணை வேலையை விட்டுவிடுவதாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மரே அதை வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தார். கேப்டனைக் கேட்டார்கள். வேறு யார் கையில் கொடுத்தாலும் நான் ஆட மாட்டேன் என்று டார்சி சொல்லிவிட்டானாம். இது ஓரெஸ்டுக்கு வேறு வாய் வழியாகத்தான் தெரிந்தது.

அக்டோபர் முதல் ஆட்டத்தன்று டார்சி அறை வாசலில் வந்து ஸ்கேட்டை நீட்டினான். மேலே இப்போது இரண்டு பல்பு எரிந்தது. ஓரெஸ்ட் திருகைத் தொட்டுப் பார்த்தார், கல்லை ஓடவிட்டார், நிதானமாகப் பிடித்தார், துடைத்து நீட்டினார். டார்சி வாங்கிக்கொண்டு போகவில்லை. தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்து பிளேடுக்குக் குறுக்கே வைத்தான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினான். ஒரு கண்ணை மூடினான்.

முப்பத்திரண்டாம் வருஷம் அது. அதுவரை அவர் எதிரில் யாரும் இதைச் செய்ததில்லை. ஓரெஸ்டுக்கு உள்ளே சுருக்கென்றது. சுருக்கென்றது என்பதை மறைக்கவும் இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"நேரா இருக்கு," என்றான் டார்சி, காசைப் பைக்குள் போடப் போனான்.

"இன்னொண்ணையும் பாரு," என்றார் ஓரெஸ்ட்.